நாற்பத்தெட்டாவது ரின்

அத்தியாயம் 6

மதியச் சாப்பாட்டுக்கென்று வாங்கிய தகர மீன் ரின்னின் வளையம் ஜெயரூபியின் விரலோடு வந்துவிட்டது. மூடி வரவில்லை.

“போச்சு!” என்றாள்.

“போகேல்லைப் பிள்ளை. அசையாமல் அப்பிடியே இருக்கு. அதுதான் பிரச்சினை,” என்றார் வீரகத்தி, ஓட்டோவின் முன் இருக்கையில் இருந்து பாண் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

ஜெயரூபிக்கு நாற்பத்திரண்டு வயது. பதினொரு வருடம் காப்புறுதிக் கம்பனிக்காகப் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவள். இப்போது கிளிநொச்சியில் ஒரு தையற்கடையின் மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறாள். வீரகத்திக்கு அறுபது. ஓட்டோ அவருடையது, வாயும் அவருடையது. இரண்டுக்கும் பிரேக் சரியில்லை.

“உங்கட பேரிலயே கத்தி இருக்கு அண்ணை. கையில ஒண்டு இல்லையோ?”

“பேரில வீரமும்தான் இருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய?”

சிரிக்கும் நிலையில் அவள் இல்லை. விடியற்காலையில், களவுபோன சாமானை ஏற்றிவந்த லொறிக்காரனைத் தேடிப் பூநகரிக்கு ஓடினார்கள். அவன் மாங்குளம் போய்விட்டான் என்றார்கள். மாங்குளத்துக்கு ஓடினார்கள். இப்போதுதான் பூநகரிக்குத் திரும்பினான் என்றார்கள். அவனது போன் அடித்து அடித்து ஓய்ந்தது. இப்போது நேரம் பதினொன்றரை. மூன்று மணிக்கு உருத்திரபுரத்தில் நிவாரணக் குழுவின் கூட்டம். அதற்குள் உண்மைக் கள்ளனைக் காட்டாவிட்டால் முன்பள்ளிச் சமையல்காரி அழகம்மாவுக்கு வேலை போகும். பெயர் பொலிசுக்குப் போகும்.

வழக்கு இதுதான். மார்கழி வெள்ளத்துக்கென்று வந்த நாற்பத்தெட்டு மீன் ரின்கள் முன்பள்ளியின் களஞ்சிய அறையில் இருந்தன. வெள்ளம் சீக்கிரம் வடிந்துவிட்டதால் அவற்றைப் பிள்ளைகளின் மதியச் சமையலுக்கு விடுவதென்று குழு முடிவு செய்தது. அதற்கு முன் திங்கட்கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்து களஞ்சியத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஞாயிறு காலை பார்த்தால், ரின்களெல்லாம் வெறுமையாகக் கட்டடத்தின் பின்னால் குவிந்து கிடந்தன. பார்க்க எதுவும் இல்லாததால் பரிசோதகரின் வருகையும் நின்றது. அறைப் பூட்டு உடையவில்லை. திறப்புச் சாவிகள் இரண்டு. ஒன்று அழகம்மாவிடம், மற்றது நிவாரணக் குழு அலுவலகத்தின் ஆணியில்.

ஓட்டோ முன்பள்ளி வாசலில் நின்றபோது இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் சிவராசா மாஸ்டர். மற்றவன் செயலாளர் பிரசாந்தன். வீடு உருத்திரபுரம், கடை மாங்குளம் சந்தி. ரின்களை அன்பளிப்புச் செய்தவனும் அவன்தான்.

“அக்கா, இதில துப்பறிய என்ன கிடக்கு?” என்றான் பிரசாந்தன். “குவியலைப் பாருங்கோ. எல்லா ரின்னும் கவிட்டுத் திறந்திருக்கு. மேல வளையம் அப்பிடியே இருக்க, அடியைப் பிளக்கிற ஆள் இந்த ஊரில ஒராள்தான். அழகம்மா. சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.”

“ஓம், அது உண்மைதான்,” என்று மாஸ்டர் வருத்தத்தோடு ஒத்துக்கொண்டார். “வளையம் இருந்தாலும் கவிட்டுத்தான் திறப்பாள். அவளுக்கு அது ஒரு பழக்கம்.”

ஜெயரூபி குவியலருகே குந்தினாள். ஒவ்வொரு ரின்னிலும் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். ‘வெள்ள நிவாரணம். அன்பளிப்பு: பிரசாந்தன்.’ கீழே, கைகூப்பிச் சிரிக்கும் பிரசாந்தனின் படம். வளையங்கள் எல்லாம் தொடப்படாமல் படுத்துக் கிடந்தன. அடிப்பக்கம் வெறும் ஓட்டை. விளிம்பு ஒரே சீராக, வட்டமாக வெட்டப்பட்டிருந்தது.

“வெட்டின அடித்தகடுகள் எங்கை?”

“எனக்கென்ன தெரியும்? எறிஞ்சிருப்பாள்.”

முன்பள்ளி வாசலில் படுத்திருந்த சிவப்பு நாய் எழுந்து சோம்பல் முறித்தது. குவியலைக் கடந்து நேரே வீரகத்தியின் பாண் துண்டுக்கு வந்தது.

“பாத்தியளே,” என்றார் வீரகத்தி. “மீன் ரின் மலைபோலக் கிடக்கு. நாய் பாணுக்கு வருது. கழுவித் துடைச்சு எறிஞ்சிருக்கினம். களவெடுத்துச் சாப்பிட்ட ஆள் பாத்திரமும் கழுவிவைக்கிறதை இப்பத்தான் பாக்கிறன்.”

ஜெயரூபியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். திறந்தது இங்கே அல்ல. வேறெங்கோ திறந்து, வாகனம் நாறாமல் இருக்கக் கழுவி, திருப்பிக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். ஏன்? ரின்னோடு தூக்கிக்கொண்டு போயிருந்தால் வேலை மிச்சம்.

“நாப்பத்தேழு பேர் என்னைப் பாத்துச் சிரிக்கினம் பிள்ளை,” என்றார் வீரகத்தி திடீரென்று.

“நாப்பத்தெட்டு.”

“நாப்பத்தேழு. ரெண்டுதரம் எண்ணினனான்.”

பிரசாந்தன் முந்திக்கொண்டான். “ஒண்டு எங்கயாவது உருண்டிருக்கும் அக்கா. அதை விடுங்கோ.”

அவள் அதை விடவில்லை. ஆனால் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

* * *

அழகம்மாவின் வீடு வாய்க்கால் ஓரம். சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் இருந்தது. மறுபடி மழை வரும் என்ற பயத்தில் சாமான்களை இறக்கவில்லை. கட்டில், மேசை, அலுமாரி எல்லாம் செங்கல்லில் ஏறி நின்றன. கட்டிலில் எட்டு மாதக் கர்ப்பிணி மகள் கஜேந்தினி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

வீரகத்தி வாசலில் தனியாகக் கிடந்த ஒரு செங்கல்லில் அமர்ந்து, ஸ்க்ரூட்ரைவரால் ரின்னைக் குத்த ஆரம்பித்தார். ரின் வழுக்கியது. அவர் வைதார்.

“அழகம்மா அக்கா, என்னைக் கூப்பிட்டதே நீங்கள்தான். ஏதாவது சொன்னால்தானே நான் ஏதாவது செய்யலாம்?”

“நாப்பத்தெட்டையும் நான் எடுக்கலீங்கம்மா.” அழகம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தகப்பன் காலத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். பேச்சில் அந்த மண் இன்னும் ஒட்டியிருந்தது. “சத்தியமா எடுக்கலீங்க.”

“ஆர் எடுத்தது?”

“தெரியாதுங்க.”

“சனிக்கிழமை திறப்பு எங்கை இருந்தது?”

“எங்கிட்டத்தாங்க.”

“களஞ்சியத்துக்குக் கடைசியா எப்ப போனனீங்கள்?”

அழகம்மா நிலத்தைப் பார்த்தாள். ஜெயரூபி மூன்று விதமாகக் கேட்டாள். மூன்று முறையும் நிலம்தான் பார்க்கப்பட்டது. 

“எனக்கு எல்லாப் பக்கத்தாலயும் மூடிக் கிடக்கு!” என்று ஜெயரூபி வெடித்தாள். “லொறிக்காரன் போனைத் திறக்கிறானில்லை. நீங்கள் வாயைத் திறக்கிறீங்களில்லை. இந்தாள் ரின்னைத் திறக்கிறாரில்லை!”

“என்னைக் குறை சொல்லாதை பிள்ளை,” என்றார் வாசலில் இருந்து வீரகத்தி. “போனில ஒரு வீடியோ பாத்தனான். ரின்னில சாப்பாடு அடைக்கிறதைக் கண்டுபிடிச்ச வெள்ளைக்காரன், திறக்கிறதைக் கண்டுபிடிக்கேல்லையாம். நாப்பது அம்பது வருசம் உளியும் சுத்தியலும்தான். பட்டாளக்காரர் துவக்கு முனைக் கத்தியால குத்தித் திறந்தவங்களாம். அதுக்குப் பிறகுதான் ரின் கட்டர். இந்த வளையம் வர இன்னும் நூறு வருசம். நூற்றைம்பது வருசமா உலகமே திறக்கத் தெரியாமல் இருந்திருக்கு. நான் அரை மணித்தியாலம்தான் இருக்கிறன்.”

அழகம்மாவுக்கு அந்தக் குத்தலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து போய் அவர் கையிலிருந்த ரின்னை வாங்கினாள். கவிழ்த்தாள். வாசலின் சீமெந்துப் படியில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி, வட்டமாகத் தேய்த்தாள்.

கர்ர்... கர்ர்... கர்ர்...

ஒரு நிமிடம். தூக்கிப் பார்த்தாள். விளிம்பு மழுங்கி வெள்ளையாகத் தெரிந்தது. பக்கங்களை ஒரு அமுக்கு. அடித்தகடு ‘டக்’ என்று முழுசாகக் கழன்று அவள் கையில் விழுந்தது.

வீரகத்தி வாயைப் பிளந்தார். “கத்தியுமில்லை, ஒண்டுமில்லை!”

“முகாம்ல கத்தி வச்சிருக்க விடல்லீங்களே,” என்றாள் அழகம்மா. “ஆனா ரின்னு மட்டும் குடுத்தாங்க. சண்டை முடிஞ்ச ரெண்டாயிரத்து ஒன்பதுல. நாலு நாள் கையில வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தோம். அப்புறம் சனம் இப்பிடித் தேச்சுத் தேச்சுக் கண்டுபுடிச்சது. வளையம் வச்ச ரின்னுன்னாலும் எனக்கு இதுதான் கை வரும். மேப்பக்கம் வளையம் தட்டும், அதான் கவுத்துப்போடறது.”

ஜெயரூபி அந்தத் தகட்டைப் பறிக்காத குறையாக வாங்கினாள். ஓரம் தேய்ந்து மழுங்கியிருந்தது. வெட்டு என்று எதுவுமே இல்லை. குவியலில் கிடந்தவையோ சக்கரம் ஓடியதுபோல வெட்டப்பட்டவை.

“அண்ணை, அது ரின் கட்டரால வெட்டினது! அக்கா கவிட்டுத் திறக்கிறவா எண்டு ஊருக்கே தெரியும். ஆனால் எப்பிடித் திறக்கிறவா எண்டு குசினிக்குள்ள வந்து பாத்தவைக்குத்தான் தெரியும். செய்தவன் பாதியைத்தான் கேள்விப்பட்டிருக்கிறான்.”

“உருத்திரபுரத்தில ஆரிட்ட ரின் கட்டர் இருக்கு? கத்திதான் எல்லா வீட்டிலயும்.” வீரகத்தி யோசித்தார். “மாங்குளத்தில லொறிக்காரனை விசாரிச்ச கடையில கொழுவியிருந்தது. அட்டையில, வரிசையா. பிரசாந்தன்ர கடை!”

“ரின் கட்டர் விக்கிறது குற்றமில்லை அண்ணை. ஏன் செய்தவர்? தன்ர அன்பளிப்பைத் தானே ஏன் அழிக்கவேணும்?” சலிப்போடு அவள் கையிலிருந்த தகட்டைத் திருப்பினாள். நடுவில் கறுப்பு எழுத்தில் திகதி அச்சிட்டிருந்தது. இந்த ரின்னுக்கு இன்னும் இரண்டு வருடம் ஆயுள்.

அவள் தகட்டை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

திகதி. ரின்னின் அடியில்தான் இருக்கிறது. நாற்பத்தேழு அடிகளும் காணாமல் போயிருக்கின்றன.

“முடிஞ்ச திகதி!” என்றாள். “கடையில விக்கேலாமல் கிடந்த பழைய சாமான். ஸ்டிக்கரை ஒட்டி, படம் எடுத்து, அன்பளிப்பு எண்டு குடுத்தாச்சு. வெள்ளத்துக்குள்ள ஒருத்தரும் திருப்பிப் பாக்கமாட்டினம் எண்டு நினைச்சவர். பிறகு பாத்தால், சுகாதாரப் பரிசோதகர் திங்கள் வாறார்! முழு ரின்னாத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் தேடும். எங்கயாவது ஒண்டு அகப்பட்டாலும் திகதி கதை சொல்லும். சாப்பிட்டு முடிஞ்ச வெறும் ரின்னை ஆர் தேடுவினம்? பழி போடக் கவிட்டுத் திறக்கிற ஒரு ஆளும் இருக்கு.”

“சரி பிள்ளை. எல்லாம் சரி. காட்ட என்ன இருக்கு?”

ஒன்றுமில்லை. தகடுகள் வாய்க்காலிலோ குளத்திலோ கிடக்கும். மணி ஒன்றரை. ஜெயரூபி படியில் தொப்பென்று அமர்ந்தாள். நாற்பத்தெட்டாவது ரின் மட்டும் கிடைத்தால்...

“அக்கா, ஞாயிற்றுக்கிழமை பிரசாந்தன் உங்கட வீட்டைச் சோதிச்சவரோ?”

“ஆமாங்க. ரெண்டு பேரோட வந்து குசினி, அலுமாரி, அரிசிப் பானை எல்லாத்தையும் கொட்டினாரு.”

“எல்லா ரின்னும் வெறுமையாக் கிடைச்சபிறகு, அரிசிப் பானைக்குள்ள என்னத்தைத் தேடினவர்?”

அழகம்மாவின் முகம் மாறியது. ஜெயரூபி அதைக் கண்டுகொண்டாள். அவளுடைய பார்வை மெல்ல வீரகத்தியின் மேல் நகர்ந்தது.

“அண்ணை, எழும்புங்கோ.”

“ஏன்?”

“வீடு முழுக்கச் செங்கல்லில நிக்குது. ஒரு செங்கல் மட்டும் ஏன் வெளியில கிடக்கு? அது எங்கையிருந்து வந்தது? அங்கை இப்ப என்ன நிக்குது?”

வீரகத்தி நெருப்பில் உட்கார்ந்தவர்போல எழுந்தார். ஜெயரூபி உள்ளே போய்க் குனிந்தாள். அலுமாரியின் மூன்று கால்களின் கீழ் செங்கல். சுவர் மூலையிலிருந்த நாலாவது காலின் கீழ் பழைய துணி சுற்றிய ஏதோ ஒன்று. உயரம் செங்கல்லின் உயரம்தான். வடிவம் உருண்டை.

துணியை விலக்கினாள். பிரசாந்தன் கைகூப்பிச் சிரித்தான்.

“அம்மாவில பிழையில்லை,” என்றாள் கட்டிலில் இருந்து கஜேந்தினி. “எனக்குத்தான் மீன் தின்ன ஆசையா இருந்துச்சு.”

அழகம்மா முகத்தை மூடிக்கொண்டாள். “ஒன்னே ஒன்னுங்கம்மா. சனிக்கிழமை சாயந்தரம். கேட்டுட்டு எடுத்திருக்கலாம், கேக்க வெக்கமா இருந்திச்சு. தேய்ச்சுத் திறக்கக் கையில எடுத்தேன், இவ தடுத்துட்டா. மறுநாள் கேட்டுட்டுத் திறப்போம்மான்னா. அதுக்குள்ள இந்தக் கூத்து. ஒன்னு எடுத்தேன்னு சொன்னா நாப்பத்தெட்டும் நான்தான்னு ஆயிரும்.”

வீரகத்தி அலுமாரியைத் தூக்கிப்பிடிக்க, ஜெயரூபி ரின்னை உருவி, செங்கல்லை உள்ளே தள்ளினாள். அடியைத் திருப்பினாள். திகதி முடிந்து மூன்று வருடமும் நான்கு மாதமும்.

சந்தோஷப்படத்தான் வேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அழகம்மாவைக் காப்பாற்ற உலகத்தில் ஒரேயொரு சாட்சி. அதுவும் அழகம்மா எடுத்த பொருள்.

“இதை நான் கொண்டுபோய் வைக்கேலாது அக்கா,” என்றாள் கடைசியில். “எங்கை கிடந்தது எண்டு கேப்பினம். நீங்கள்தான் சொல்லவேணும். சொல்லாட்டி நான் இப்பவே கிளிநொச்சிக்குத் திரும்பிறன். உங்களை ஒருத்தரும் நம்பமாட்டினம். சொன்னாலும் நம்புவினம் எண்டு நான் சத்தியம் பண்ணேல்லை.”

அழகம்மா அந்தத் திகதியைப் பார்த்தாள். பிறகு மகளின் வயிற்றைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள்.

“குடுங்கம்மா அதை.”

* * *

மூன்று மணிக்கு முன்பள்ளி மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் பெரியவர்கள் முழங்கால் மடக்கி அமர்ந்திருந்தார்கள். பிரசாந்தன் தீர்மானத்தை வாசிக்க எழுந்தபோது அழகம்மா முன்னே வந்து ரின்னை மேசையில் வைத்தாள்.

“நான் எடுத்தது இது ஒன்னு. புள்ளத்தாச்சி மகளுக்கு. கேக்காம எடுத்தது தப்புதாங்க.”

மண்டபம் சலசலத்தது. பிரசாந்தனின் முகத்தில் முதலில் அதிர்ச்சி, பிறகு அவசரம். “கண்டியளே மாஸ்டர்! தன்ர வாயாலயே சொல்லிப்போட்டாள். இனி என்ன விசாரணை? ரின்னை இங்க தாங்கோ, நான் பொலிசில குடுக்கிறன்.”

அவன் கை நீண்டது. ரின்னின் மேல் ஏற்கெனவே ஜெயரூபியின் கை இருந்தது.

“மாஸ்டர், அடியைத் திருப்பி வாசியுங்கோ.”

சிவராசா மாஸ்டர் கண்ணாடியைப் போட்டார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். அதற்குள் ஜெயரூபி மற்றதைச் சொல்லி முடித்தாள். குவியலிலிருந்து எடுத்துவந்த ரின்னையும் அழகம்மா தேய்த்துத் திறந்த தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வெட்டிய விளிம்பு, தேய்ந்த விளிம்பு. விளக்கம் தேவைப்படவில்லை. அந்த மண்டபத்தில் பாதிப் பேர் அதே முகாமில் சீமெந்தில் ரின் தேய்த்தவர்கள்.

“இவள் வேற எங்கயோ எடுத்த ரின்!” என்றான் பிரசாந்தன்.

“அப்ப அதில ஏன் தம்பி நீர் சிரிச்சுக்கொண்டு இருக்கிறீர்?” என்றார் வீரகத்தி.

பிரசாந்தன் வியர்வையைத் துடைத்தான். “திகதி எண்டது சும்மா ஒரு கணக்கு, மாஸ்டர். ரின் சாமான் பழுதாகாது. உள்ள மீன் நல்லாத்தான் இருக்கும். நான் பிள்ளையளுக்கு நஞ்சோ குடுப்பன்?”

மாஸ்டர் ரின்னை அவன் முன்னால் தள்ளினார்.

“அப்ப திறவும்.”

“என்ன?”

“வளையம் இருக்கு. இழுத்துத் திறவும். திறந்து, எங்களுக்கு முன்னால ஒரு துண்டு சாப்பிடும். சாப்பிட்டால் இந்தக் கதையை இதோட விடுறன்.”

பிரசாந்தன் வளையத்தைப் பார்த்தான். ஒரு விரலால் இழுத்தால் போதும். முப்பது பேர் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் மேசையிலிருந்து எழவில்லை.

“பரிசோதகருக்கு இப்பவே போன் அடிக்கிறன்,” என்றார் மாஸ்டர். “நீர் இரும். போகவேண்டாம்.”

அவர் அழகம்மாவின் பக்கம் திரும்பினார். “நீ எடுத்த ஒண்டைப் பற்றி அடுத்த கூட்டத்தில...”

அழகம்மா இடுப்பிலிருந்து களஞ்சியத் திறப்பை எடுத்து ரின்னின் மேலேயே வைத்தாள். “அடுத்த கூட்டம் வரைக்கும் நீங்களே சமைங்கய்யா. நான் ஒன்னு எடுத்தேன், சொல்லிட்டேன். அவரு நாப்பத்தெட்டை என் புள்ளைகளுக்கு ஊட்டப் பாத்தாரு. அதுக்கு ஒரு கூட்டம் போட்டுட்டு என்னைக் கூப்பிடுங்க.”

திரும்பி நடந்தாள்.

ஜெயரூபி வெளியே வந்து ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வெண்டமோ தோத்தமோ எண்டே தெரியேல்லை அண்ணை.”

“பசி எண்டது மட்டும் எனக்குத் தெரியும். அழகம்மா திறந்து தந்த ரின்னை எடுப்பம், பாண் மிச்சம் இருக்கு.”

இருக்கையின் கீழ் குனிந்த வீரகத்தி அப்படியே நின்றார். சிவப்பு நாய் ரின்னுக்குள் மூக்கைவிட்டு, கடைசி எண்ணெயையும் நக்கிக்கொண்டிருந்தது.

“காலையில பாணுக்கு வந்த நாய்,” என்றார் அவர் பரிதாபமாக. “இப்பத்தான் மீனை மதிச்சிருக்கு.”

பின்னால் செருப்புச் சத்தம். சிவராசா மாஸ்டர், கையில் திறப்போடு, வாசலைத் தாண்டி வாய்க்கால் வீதியில் ஏறத்தாழ ஓடிக்கொண்டிருந்தார். “அழகம்மா! நில்லுங்கோ! ஒரு நிமிசம் நில்லுங்கோ!” முப்பது வருட ஆசிரியர் அவளை மரியாதையாக அழைத்ததை ஜெயரூபி அன்றுதான் கேட்டாள். அழகம்மா நின்றாள். என்ன பேசினார்கள் என்று இங்கே கேட்கவில்லை. ஆனால் இருவரும் முன்பள்ளிப் பக்கம் திரும்பி நடந்தார்கள், திறப்பு இப்போது அழகம்மாவின் கையில்.

வெறும் பாணை மென்று முடித்துவிட்டு வீரகத்தி ஓட்டோவை மூன்று தரம் உதைத்தார். அது கிளம்பவில்லை. நாலாவது தரம் உதைக்கக் காலைத் தூக்கியபோது, முன்பள்ளிக் குசினிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

கர்ர்... கர்ர்... கர்ர்...

“உங்க ரெண்டு பேருக்கும் சோறு இருக்குங்க!” என்றது அழகம்மாவின் குரல். “இது கடையில வாங்கின ரின்னு. திகதி பாத்துட்டேன்!”